மொரிசியஸிலிருந்து தமிழ்நாட்டுக்கு: நம் ரூபாயை நட்டப்படாமல் மாற்ற ஒரு முழு வழிகாட்டி

நம் நூறு ரூபாய் நோட்டில் நம் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் இருக்கிறது. எல்லா நோட்டிலும் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது நம் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையிலேயே புதிய நோட்டுகள் வந்தன. அந்தப் பெருமையோடுதான் என் அத்தை முதல் தடவை சென்னைக்குப் போனபோது கைப்பை நிறைய நம் நோட்டுகளைக் கொண்டு போனார்.

தி.நகரில் ஒரு பணமாற்றுக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பையன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா, தமிழ்ல எழுதியிருக்கே!" என்று பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் மெதுவாக நோட்டைத் திரும்ப நீட்டினான். "ஆனா இதை நாங்க எடுக்கிறதில்லைம்மா. டாலர், யூரோ ஏதாவது வச்சிருக்கீங்களா?" அத்தையிடம் எதுவும் இல்லை. அன்றைக்கு எங்கள் சித்தப்பாவின் கார்டுதான் எல்லோருக்கும் சோறு போட்டது.

பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போகிறவர்கள், மகள் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போகிறவர்கள், முன்னோர் ஊரைத் தேடிப் போகிறவர்கள் எனப் பல வருடங்களாகக் குழுக்களோடு போய் வருகிறேன். வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு கவுன்ட்டரில் ஐந்து நிமிடத்தில் கரைவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதல் படி: பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பணமாற்றுக் கடையின் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலை இருக்கும். ஒன்று வாங்கும் விலை, இன்னொன்று விற்கும் விலை. இரண்டும் கடைக்காரர் பக்கத்திலிருந்து சொல்வது. அவர் விற்கும் விலையில்தான் நீங்கள் யூரோ வாங்குகிறீர்கள், அவர் வாங்கும் விலையில்தான் நீங்கள் யூரோவை விற்கிறீர்கள். எது உங்களுக்கு நட்டமாக இருக்கிறதோ அதுதான் உங்கள் விலை என்று நினைவில் வையுங்கள், குழப்பம் வராது.

வங்கிப் பலகையில் இன்னொரு பிரிவும் உண்டு. நோட்டுக்கு ஒரு விலை, கணக்கு வழியாக அனுப்பும் பணத்துக்கு வேறு விலை. பயணிக்குத் தேவை நோட்டு விலை. அது எப்போதும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும். நோட்டைக் கப்பலேற்றி, எண்ணி, காப்பாற்றி வைக்கும் செலவு அதில் இருக்கிறது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கடைக்காரரின் வருமானம். "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அந்த இடைவெளியை உடனே பாருங்கள். கமிஷன் வாங்காமல் விலையிலேயே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் கவுன்ட்டரில் நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். ரசீதில் கமிஷன் என்ற வரிக்கு நேராகப் பூஜ்யம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் ஆறு சதவீதம் போயிருந்தது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்பதுதான் நடு விலை. அன்றன்றைய நடு விலை என்ன என்று தெரிந்துகொள்ள, நம் மைய வங்கியான மொரிசியஸ் வங்கி தன் இணையதளத்தில் தினமும் வெளியிடும் சராசரி மாற்று விலைகளைப் பாருங்கள். கடைக்குப் போகும்முன் அதைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: ஒரே எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் ரூபாயைக் கொடுத்து இங்கேயே இந்திய ரூபாய் வாங்கலாம். அல்லது இங்கே யூரோவோ டாலரோ வாங்கி, சென்னையில் அதை இந்திய ரூபாயாக மாற்றலாம். இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நட்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் யூரோவும் டாலரும் இங்கே தினமும் ஏராளமாகக் கைமாறும் நாணயங்கள். சுற்றுலாப் பயணிகள் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். அதனால் அவற்றின் இடைவெளி குறுகலாக இருக்கும். இந்திய ரூபாய் நோட்டுக்கு இங்கே அவ்வளவு புழக்கம் இல்லை, இடைவெளி அகலமாக இருக்கும். ஆகவே இரண்டு சின்ன நட்டத்தைக் கூட்டினாலும் ஒரு பெரிய நட்டத்தைவிடக் குறைவாக வருவதுண்டு.

எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியாவில் கடைக்காரர் ஒரு யூரோவுக்குக் கொடுக்கும் இந்திய ரூபாயை, இங்கே ஒரு யூரோவுக்கு நீங்கள் கொடுக்கும் நம் ரூபாயால் வகுத்துவிடுங்கள். வரும் எண், நம் ஒரு ரூபாய்க்கு எத்தனை இந்திய ரூபாய் கையில் கிடைக்கும் என்பது. எந்த வழியில் அந்த எண் பெரிதோ அந்த வழி உங்களுக்கு நல்லது. அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் போடுவோம். இவை கணக்குக்காக நான் எடுத்த விலைகள், உங்கள் நாளின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். நடு விலைப்படி ஒரு யூரோ நம் 53 ரூபாய், இந்திய ரூபாயில் 100 என்று வைத்துக்கொள்வோம். கையில் நம் 50,000 ரூபாய் இருக்கிறது. ஒரு பைசாகூட யாரும் எடுக்காவிட்டால் சுமார் 94,340 இந்திய ரூபாய் வரவேண்டும்.

இங்கேயே இந்திய ரூபாய் நோட்டு வாங்குகிறீர்கள், ஒரு இந்திய ரூபாய்க்கு 57 காசு கேட்கிறார்கள். 87,719 வருகிறது. ஏழு சதவீதம் போயிற்று.

இங்கே 54 விலைக்கு 925 யூரோ வாங்கி, தி.நகரில் 98.50க்கு மாற்றுகிறீர்கள். இந்திய வரியும் (அதை நான்காம் படியில் சொல்கிறேன்) கழிந்து கையில் 90,948 நிற்கும். போனது மூன்றரைச் சதவீதத்துக்குச் சற்று மேல்.

அதே 925 யூரோவை அவசரத்தில் சென்னை விமான நிலையத்தில் 93க்கு மாற்றினால்? 85,870. ஒன்பது சதவீதம் காணாமல் போய்விட்டது. தி.நகருக்கும் விமான நிலையத்துக்கும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். பழனியில் ஒரு குடும்பம் இரண்டு நாள் நன்றாகத் தங்கிச் சாப்பிடும் பணம் அது.

யூரோவா, டாலரா என்று கேட்பவர்களுக்கும் இதே வகுத்தல்தான் பதில். அன்றைக்கு டாலரில் இங்கே 47.20, அங்கே 86.30 என்றால், வகுத்தால் 1.828. யூரோவில் 98.50ஐ 54ஆல் வகுத்தால் 1.824. டாலர் ஒரு மயிரிழை மேல். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு அலைய வேண்டாம், எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

மூன்றாம் படி: இங்கே வாங்குவது

1994இல் நம் நாட்டில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. அதற்கு முன் பயணம் போனவர்களைக் கேட்டால், அனுமதிக்காக நடந்த நடையைக் கதைகதையாகச் சொல்வார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை. உரிமம் உள்ள வங்கியிலோ பணமாற்றுக் கடையிலோ அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். பெரிய தொகை என்றால் பாஸ்போர்ட்டும் பயணச்சீட்டும் கேட்பார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். அது உங்களைச் சந்தேகப்படுவது இல்லை, சட்டப்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

போர்ட் லூயியிலோ ரோஸ்ஹில்லிலோ குவாத்ர் போர்னிலோ ஒரே தெருவில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கும். ஒரே மத்தியானத்தில் மூன்று இடத்தில் கேளுங்கள். கேட்கும்போது "ரேட் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஆயிரம் யூரோ நோட்டாக வேண்டும், எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். ஒளிந்திருக்கும் கட்டணம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

தொகை பெரிதானால் பேரம் பேசலாம். பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் வங்கியில் பேரம் பேசக் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம். எங்கள் குழுவில் இருபது பேர் தனித்தனியாக மாற்றுவதை நிறுத்திவிட்டு, ஒரே நாளில் ஒரே இடத்துக்குச் சேர்ந்து போகிறோம். முன்கூட்டியே தொலைபேசியில் மொத்தத் தொகையைச் சொல்லி விலை கேட்பேன். பலகை விலையைவிடக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். ரசீது மட்டும் அவரவர் பெயரில் தனித்தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

சில சமயம் டாலர் நோட்டுக்குத் தட்டுப்பாடு வரும். "இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள். பயணத்துக்கு முந்தின நாள் இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்து, இரண்டு மூன்று தவணையாக வாங்குங்கள். விலை ஏறுமா இறங்குமா என்ற கவலையும் அதில் பாதியாகிவிடும். அடுத்த வாரம் இறங்கும் என்று யார் சொன்னாலும் மொத்தத்தையும் அதை நம்பி நிறுத்தி வைக்காதீர்கள்.

நோட்டு வாங்கும்போது கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பேனாக் கிறுக்கல், கிழிசல், மை முத்திரை இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இங்கே அது சின்ன விஷயம். சென்னையில் அந்த நோட்டை ஒதுக்கிவிடுவார்கள், இல்லையென்றால் விலையைக் குறைப்பார்கள். டாலர் என்றால் புதிய வடிவ 100 நோட்டு நல்லது, ஐந்து பத்து டாலர் நோட்டுகளுக்கு அங்கே குறைந்த விலைதான். யூரோ என்றால் 50, 100. ஐரோப்பாவிலேயே 500 யூரோ நோட்டு வெளியிடுவதை 2019இல் நிறுத்திவிட்டார்கள், யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஓட்டல்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. டிப்ஸாகக் கிடைக்கும் யூரோவை வாராவாரம் கவுன்ட்டரில் விற்றுவிட்டு, பயணம் வரும்போது அதே யூரோவை அதிக விலைக்குத் திரும்ப வாங்குகிறீர்கள். போக ஒரு நட்டம், வர ஒரு நட்டம். பயணம் போகிற எண்ணம் இருந்தால் அந்த நோட்டுகளை ஒரு உறையில் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். பிரான்ஸிலிருந்து வரும் அண்ணன் அக்காவிடமும் "வரும்போது யூரோவாகவே கொண்டு வாங்க, நடு விலைக்கு நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லலாம். வீட்டுக்குள்ளேயே முடிகிற மாற்றில் இரண்டு பக்கமும் லாபம்.

நான்காம் படி: சென்னையில் இறங்கியதும்

விமானத்தைவிட்டு வெளியே வந்தவுடன் டாக்ஸிக்கும் இட்லிக்கும் கொஞ்சம் இந்தியப் பணம் வேண்டும். அதற்காக விமான நிலையக் கவுன்ட்டரில் 50 யூரோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஏடிஎம்மில் எடுக்கலாம். "இன்னும் மாற்றுங்கள், நல்ல ரேட் தருகிறோம்" என்று அழைப்பார்கள். பணிவாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கையில் 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டு இருந்தாலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, இந்தியச் சுங்கத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கல்யாணப் பட்டு வாங்கப் போகிறவர்கள் ஒருவரே எல்லாப் பணத்தையும் சுமப்பார்கள், அவர்கள் இதை மறக்கக் கூடாது. படிவத்தின் நகல் கையில் இருந்தால் பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

மறுநாள் காலை ஊருக்குள் போய் மாற்றுங்கள். தி.நகர், அண்ணா சாலை, எழும்பூர்ப் பக்கம் கடைகள் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கியின் உரிமம் சுவரில் மாட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஓட்டலில் இருந்தபடியே மூன்று கடைக்குத் தொலைபேசி போட்டு விலை கேட்டால் வெயிலில் அலைய வேண்டாம். பாஸ்போர்ட் அசல் கட்டாயம். வெளிநாட்டுப் பயணிக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் கையில் ரொக்கமாகக் கொடுப்பார்கள்.

பணம் மாற்றும்போது இந்தியாவில் ஒரு சின்ன வரி உண்டு, ஜிஎஸ்டி. மாற்றும் முழுத் தொகைக்கும் இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அதன் மேல் 18 சதவீதம் போடுவார்கள். ஒரு லட்சத்துக்கு வரி 180 ரூபாய். ஆனால் அந்த மதிப்புக்குக் குறைந்தபட்சம் 250 என்று வைத்திருப்பதால், எவ்வளவு சின்னத் தொகை மாற்றினாலும் 45 ரூபாய் வரி உண்டு. தினமும் ஐயாயிரம் ஐயாயிரமாக ஐந்து நாள் மாற்றினால் 225 ரூபாய் போகும். அதே இருபத்தைந்தாயிரத்தை ஒரே தடவையில் மாற்றினால் 45தான். தேவையைக் கணக்குப் போட்டு ஓரிரு தடவையில் முடித்துவிடுங்கள்.

மாற்றியதும் சான்றிதழாக ஒரு ரசீது தருவார்கள். மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள், திரும்பும்போது தேவைப்படும். கோவில் வாசலில், பஸ் ஸ்டாண்டில் "நல்ல ரேட்" என்று காதில் கிசுகிசுப்பவர்களிடம் மட்டும் போகவே வேண்டாம். கள்ள நோட்டு வந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ஐந்தாம் படி: கார்டும் கைபேசியும்

எல்லாவற்றையும் ரொக்கமாகச் சுமக்க வேண்டியதில்லை. ஓட்டல், பெரிய ஜவுளிக் கடை, நகைக் கடைக்குக் கார்டு போதும். ஆனால் போகும்முன் உங்கள் வங்கியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவீதம் கூடுதலாக எடுப்பீர்கள், ஏடிஎம்மில் எடுத்தால் ஒரு தடவைக்குக் கட்டணம் எவ்வளவு, கார்டு இந்தியாவில் வேலை செய்யத் திறந்துவிட்டிருக்கிறதா. கிடைக்கும் சதவீதத்தை மேலே சொன்ன கணக்கில் போட்டால் நோட்டா கார்டா என்பது தெரிந்துவிடும். மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் கார்டு நோட்டுக்குச் சமமாகவே வரும், பாதுகாப்பும் அதிகம்.

ஏடிஎம்மில் எடுப்பதானால் டெபிட் கார்டில் எடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். பல இந்திய ஏடிஎம்களில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வராது. கட்டணம் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருப்பதால், இரண்டாயிரம் மூவாயிரமாக எடுப்பது வீண்.

அடுத்தது கடையில் நடக்கும் ஒன்று. காஞ்சிபுரத்தில் என் அத்தை மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுத்து முடித்தோம். அவள் கையில் யூரோக் கார்டு. மெஷினில் செருகியதும் திரையில் இரண்டு வரி வந்தது, ஒன்றில் இந்திய ரூபாய், மற்றதில் யூரோ. விற்பனையாளர் நல்லெண்ணத்தோடு, "உங்க ஊர்ப் பணத்துலயே காட்டுது மேடம், அதையே அழுத்துங்க" என்றார். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். யூரோவை அழுத்தினால் மாற்று விலையை அந்த மெஷினை வைத்திருப்பவர்கள் தீர்மானிப்பார்கள், தங்கள் லாபத்தையும் சேர்த்து. ரூபாயை அழுத்தினால் கார்டு நிறுவனத்தின் விலை கிடைக்கும், அது பெரும்பாலும் நடு விலைக்குப் பக்கத்தில் இருக்கும். திரையில் இருந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தோம், வித்தியாசம் நாலு சதவீதத்துக்கு மேல். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், அங்கேயும் இதே பதில்தான்.

தமிழ்நாட்டில் இப்போது பூக்காரம்மாகூடக் கைபேசியில்தான் காசு வாங்குகிறார். சில்லறைக்குத் திண்டாட வேண்டியிருக்கிறது. 2024 பிப்ரவரி 12 அன்று யூபிஐ என்ற இந்தியாவின் கைபேசிப் பணச் சேவையை மொரிசியஸோடு இணைத்துத் தொடங்கி வைத்தார்கள். உங்கள் வங்கிச் செயலி இந்தியக் கடைகளின் க்யூஆர் பலகையைப் படிக்குமா என்று புறப்படும்முன் வங்கியில் கேட்டுவிடுங்கள். படிக்காவிட்டால், வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே யூபிஐ ஒன் வேர்ல்டு என்ற பணப்பை இருக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் காட்டிப் பணம் நிரப்பிக்கொள்ளலாம். ஆட்டோவுக்கும் இளநீருக்கும் இது பெரிய உதவி.

ரியூனியனுக்கோ பிரான்ஸுக்கோ போகிறவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. அங்கே யூரோதான், ஒரே மாற்று. செலவில் பெரும்பகுதி கார்டிலேயே முடிந்துவிடும், கையில் நோட்டாக இருநூறு யூரோ இருந்தால் போதும்.

திரும்பும்போது

கடைசி இரண்டு நாளில் ரொக்கத்தை எண்ணிப் பாருங்கள். மிஞ்சுகிற மாதிரி இருந்தால் ஓட்டல் பாக்கியின் ஒரு பகுதியை ரொக்கமாகக் கட்டி, மீதியைக் கார்டில் போடுங்கள். மிஞ்சிய ரூபாயைத் திரும்ப யூரோவாக மாற்றினால் மறுபடி நட்டம். பெரிய தொகையாக இருந்தால் மட்டும், பாஸ்போர்ட்டுக்குள் வைத்த ரசீதைக் காட்டி மாற்றுங்கள். ரசீது தொலைந்துபோனால், ஏழு நாளுக்குள் புறப்படும் பயணிக்கு 10,000 ரூபாய் வரை அவர்கள் விருப்பப்பட்டால் மாற்றித் தர விதி இடம் கொடுக்கிறது.

விமான நிலையம் வழியாக 25,000 இந்திய ரூபாய் வரை நாம் வெளியே கொண்டு வரலாம், அடுத்த முறை உள்ளேயும் கொண்டு போகலாம். ஆனால் அதிகம் வைத்திருக்காதீர்கள். என் அம்மா அடுத்த பயணத்துக்கென்று பூஜை அலமாரியில் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 இரவு அவை செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளக் கொடுத்த கெடுவுக்குள் எங்களில் யாரும் இந்தியாவுக்குப் போகவில்லை, அத்தனையும் வெறும் காகிதமாகிவிட்டன. பிறகு வந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் அது இருந்தால் கடையில் வாங்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கியின் அலுவலகத்தில்தான் மாற்ற வேண்டும்.

நான் இப்போது திரும்பும்போது இரண்டாயிரம் ரூபாய்தான் வைத்துக்கொள்கிறேன், எல்லாம் நூறும் இருநூறுமாக. உறையின் மேல் தேதி எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுவேன். அடுத்த முறை சென்னையில் இறங்கியதும் டாக்ஸிக்கு அது போதும், விமான நிலையக் கவுன்ட்டர் பக்கமே போக வேண்டியதில்லை.